பலகைத் தளத்தில் டர்ன்டேபிள்: கனமான ரேக் வாங்கிய பிறகும் காலடிக்கு முள் துள்ளுகிறது

கேள்வி: தேயிலைமேடு (குன்னூர்)

வணக்கம். குன்னூரில் ஒரு பழைய பங்களாவின் முன்பகுதியில் கடந்த ஆண்டு முதல் வாடகைக்குக் குடியிருக்கிறோம். சுவர்கள் ஒன்றரை அடி கனமுள்ள கருங்கல் கட்டு. தளம் மட்டும் மண்ணிலிருந்து இரண்டடி உயரத்தில், மர உத்தரங்களின் மேல் அறைந்த பலகை. கூடத்தின் ஒரு கோடியில் புகைபோக்கியோடு கூடிய கணப்பு இருக்கிறது. அதை நாங்கள் மூட்டுவதில்லை.

என் தந்தையார் சேர்த்து வைத்த ஏறத்தாழ 300 இசைத்தட்டுகள் என்னிடம் உள்ளன. பெரும்பாலானவை நாகசுரமும் வாய்ப்பாட்டும். அவற்றைக் கேட்பதற்காக, தட்டும், முள்ளைத் தாங்கும் கையான டோன் ஆர்மும் மூன்று ஸ்பிரிங்குகளின் மேல் மிதக்கும் வகையைச் சேர்ந்த பழைய ஐரோப்பிய டர்ன்டேபிள் ஒன்றை வைத்திருக்கிறேன். கோயம்புத்தூரில் மொசைக் தரை வீட்டில், சாதாரணத் தேக்கு மேசையின் மேல் நான்கு ஆண்டுகள் அது எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது. இங்கே வந்த முதல் நாளே, சமையலறையிலிருந்து என் மகள் கூடத்துக்குள் நடந்து வந்தபோது முள் பள்ளத்தை விட்டுத் தாவி அடுத்த வரியில் விழுந்தது.

கடை ஒன்றில் கேட்டபோது, கனம் கூடினால் அதிர்வு அடங்கிவிடும் என்று சொல்லி, இரும்புச் சட்டமும் நான்கு கூர்முனைகளும் இரண்டு கல் பலகைகளும் கொண்ட ரேக் ஒன்றைக் கொடுத்தார்கள். எல்லாம் சேர்த்து 68 கிலோ. விலை 42,000 ரூபாய். சன்னலுக்குக் கீழே, கூடத்தின் நடுப்பகுதியில் அதை நிறுத்தினோம். நிலைமை முன்பைவிட மோசமாகிவிட்டது. மேல் பலகையில் தண்ணீர் நிறைந்த சில்வர் டம்ளரை வைத்துப் பார்த்தேன்: ஆறடி தள்ளி நான் ஒரு காலை ஊன்றினால் போதும், நீரின் மேல் வட்டங்கள் விளிம்பிலிருந்து நடுவுக்கு ஓடி மூன்று நான்கு நொடிகள் கழித்துத்தான் அடங்குகின்றன. ஒலியைக் கூட்டினால் ஊஃபரின் (தாழ்சுர ஸ்பீக்கரின்) கூம்பு, பாட்டே இல்லாத இடத்திலும் முன்னும் பின்னும் ஊசலாடுகிறது.

இனி ரேக்குக்கு அடியில் ரப்பர் மெத்தைகளை வைப்பதா, இன்னும் கனமான மேடை ஒன்றைச் செய்வதா, அல்லது டர்ன்டேபிளையே மாற்றுவதா? செலவு செய்துவிட்டு மறுபடியும் ஏமாற எனக்கு மனமில்லை.

மறுமொழி 1: ஓசைக்கூடம் (உதகை)

வணக்கம் ஐயா. டர்ன்டேபிளை மாற்ற வேண்டாம். இப்போதைக்கு எதையும் வாங்கவும் வேண்டாம். அதிர்வு என்று ஒரே பெயரில் சொன்னாலும் நம் கருவிகளை வந்தடைவது மூன்று வெவ்வேறு தொல்லைகள். ஒன்றுக்கான மருந்து மற்றொன்றை வளர்த்துவிடும்.

முதலாவது, காலடியால் தளமே மேலும் கீழும் அசைவது. இது மெதுவானது, பெரும்பாலும் 15 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 15 அசைவுக்கு) கீழே. இரண்டாவது, ஸ்பீக்கரிலிருந்து புறப்படும் ஒலி தளத்தின் வழியாகவும் காற்றின் வழியாகவும் முள்ளுக்குத் திரும்பி வந்து மறுபடி பெருக்கப்படுவது. இது முற்றினால் ஊளையாகக் கேட்கும். மூன்றாவது, மோட்டார், டிரான்ஸ்பார்மர் போன்றவை ரேக்குக்குள்ளேயே உண்டாக்கும் நுண்ணிய நடுக்கம். உங்களுடையது முதலாவது என்று டம்ளரே சொல்லிவிட்டது. உறுதிப்படுத்திக்கொள்ள, தட்டைச் சுழலவிடாமல் முள்ளை இசைத்தட்டின் மேல் இறக்கி, ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். ஒருவரும் நடக்காதபோது கூம்பு அசையாமல் நின்று, நடந்தால் மட்டும் அசைந்தால் குற்றவாளி தளம்தான்.

முள் இதற்கெல்லாம் ஏன் இவ்வளவு அஞ்சுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். எல்.பி. இசைத்தட்டின் பள்ளம் அகலத்தில் ஏறத்தாழ 0.05 மி.மீ. தான், மெல்லிய ஒலிகளுக்கு அதில் உள்ள வளைவு ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவு. அதற்கு மேல், பதிவின்போது குறைக்கப்பட்ட தாழ்சுரங்களை மீட்பதற்காக, முள்ளின் சிக்னலைப் பெருக்கும் ஃபோனோ பகுதி 20 ஹெர்ட்ஸை, 1,000 ஹெர்ட்ஸைவிட ஏறத்தாழ ஒன்பது மடங்கு பெருக்குகிறது. தளத்தின் அசைவும் அந்த ஒன்பது மடங்குக்குள் அகப்பட்டுக்கொள்கிறது. உங்கள் ஊஃபர் ஊசலாடுவதற்கு இதுவே காரணம். சிடி பிளேயரிலோ ஆம்பிளிஃபையரிலோ இந்தச் சிக்கல் எழாததற்கும் இதுவே காரணம். ஒரு வீட்டில் அதிர்வைத் தடுக்கப் பணம் செலவழிப்பதானால் அதை டர்ன்டேபிளுக்கு மட்டும் செலவழியுங்கள் என்று நான் எல்லோருக்கும் சொல்வேன். வால்வு ஆம்பிளிஃபையர் வைத்திருப்பவர்களை மட்டும் விலக்காகக் கொள்ளலாம். சில வால்வுகள் தட்டினாலே ஒலிக்கும்.

இனி கனத்தைப் பற்றி. கனம் கூடினால் அதிர்வு அடங்கும் என்பது சிமெண்டுத் தரையில் ஓரளவு உண்மை. பலகைத் தளமோ ஒரு ஸ்பிரிங். ஸ்பிரிங்கின் மேல் எடையைக் கூட்டக் கூட அதன் இயல்பு அதிர்வெண் (தட்டிவிட்டால் தானாக ஆடும் வேகம்) இறங்கும். அசைவு நிற்காது, மெதுவாகும். நடுக்கூடத்தில் உத்தரங்களின் வளைவு மிகுந்த இடத்தில் 68 கிலோவை நிறுத்தினால், தளத்தின் அதிர்வெண் டோன் ஆர்முக்கு ஆகாத இடத்தை நோக்கி இறங்கியிருக்கக்கூடும். அந்த இடம் எது என்பதைக் கணக்கிட்டுவிடலாம். ஆர்மின் செயல்நிறை (முள் உணரும் ஆர்மின் நிறை), கார்ட்ரிட்ஜின் (முள் பொருந்திய சிறு பெட்டியின்) எடை, திருகுகளின் எடை மூன்றையும் கிராமில் கூட்டி, கார்ட்ரிட்ஜின் கம்ப்ளையன்ஸ் (முள் எவ்வளவு எளிதாக வளைந்துகொடுக்கும் என்ற) எண்ணால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, அதனால் 159-ஐ வகுங்கள். விடைதான் ஆர்ம் தானாக ஆடும் ஹெர்ட்ஸ். அது 8-க்கும் 12-க்கும் இடையில் இருப்பதுதான் நல்ல பொருத்தம். அந்த எண்ணுக்கு அருகில் தளமும் ஆடினால் ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவதுபோல ஒவ்வோர் அடியும் ஆர்மைத் தூக்கிவிடும். ஜப்பானிய கார்ட்ரிட்ஜாக இருந்தால், கம்ப்ளையன்ஸை 100 ஹெர்ட்ஸில் அளந்து அச்சிட்டிருப்பார்கள். அதை ஒன்றரை முதல் இரண்டு மடங்காக்கிக்கொள்ள வேண்டும்.

தளத்தை அளப்பதும் எளிது. ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலியைக் கைபேசியில் இறக்கி, முடுக்கமானியின் (அசைவை அளக்கும் உணரியின்) அலைமாலையை, அதாவது எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு அசைவு என்ற வரைபடத்தைத் திறந்து, கைபேசியை ரேக்கின் மேல் படுக்கவைத்துவிட்டு அருகில் ஒருமுறை குதிகாலை ஊன்றுங்கள். உயர்ந்து நிற்கும் முனை எந்த எண்ணில் இருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள்.

ரப்பர் மெத்தையை இப்போது வைக்காதீர்கள். எந்த மெத்தையும் ஸ்பிரிங்கும் தன் இயல்பு அதிர்வெண்ணின் 1.4 மடங்குக்கு மேலேதான் தடுக்கத் தொடங்கும். அதற்குக் கீழே தடுக்காது, அந்த எண்ணிலேயே என்றால் பெருக்கும். எடையை வைத்ததும் மெத்தை எவ்வளவு அமிழ்கிறது என்று பார்த்தாலே அந்த எண் தெரியும்: 2 மி.மீ. அமிழ்ந்தால் 11 ஹெர்ட்ஸ், 10 மி.மீ. என்றால் 5, 25 மி.மீ. என்றால் 3-ஐ ஒட்டி. ரப்பர் என்றால் இதைவிடச் சற்றுக் கூடுதலாகவே வரும். கடையில் கிடைக்கும் மெத்தைகள் ஓரிரு மில்லிமீட்டர்தான் அமிழும். அதாவது, உங்கள் தளம் ஆடும் அதே வேகத்தில் அவையும் சேர்ந்து ஆடும்.

ஸ்பிரிங்கில் மிதக்கும் அமைப்பு, 1961-இல் அமெரிக்காவின் அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனம் வெளியிட்ட எட்கர் வில்சூரின் டர்ன்டேபிளுக்குப் பிறகு பரவியது. ஸ்பீக்கர் அதிர்வைத் தடுப்பதில் அது மிகச் சிறந்தது. ஆனால் அதன் சொந்த அதிர்வெண் 3 முதல் 5 வரை இருப்பதால், மெதுவாக ஆடும் தளத்தின் மேல் அது கப்பலாகிவிடும். அப்படிப்பட்ட டர்ன்டேபிளுக்குக் கனமான ரேக்கைவிட, சுவரில் பொருத்திய, எடை குறைந்த, விறைப்பான பலகையே ஏற்றது. உங்களிடம் ஒன்றரை அடிக் கருங்கல் சுவரே இருக்கிறது.

மறுமொழி 2: கைகாட்டி வளைவு (கோத்தகிரி)

மேலே சொன்னதை என் பட்டறிவால் வழிமொழிகிறேன். ஆனால் என் வீட்டுத் தொல்லை வேறு வகை என்பதால் மருந்தும் வேறாக இருந்தது. வீட்டுக்குப் பின்னால் தேயிலைத் தொழிற்சாலை. கொழுந்து வாட்டும் தொட்டிகளின் விசிறிகள் இரவு முழுவதும் ஓடும். எங்கள் தரை சிமெண்டு. நடந்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் முள்ளை இறக்கியதும் பாட்டுக்கு அடியில் 'ம்ம்ம்' என்று ஓர் இடையறாத உறுமல். கைபேசியில் அளந்தபோது 24 ஹெர்ட்ஸில் முனை நின்றது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடும் நான்கு துருவ மோட்டார் நிமிடத்துக்கு 1,440 சுற்றை ஒட்டிச் சுழலும். அதை 60-ஆல் வகுத்தால் 24. ஆகவே சந்தேகத்துக்கு இடமே இல்லை.

குழந்தைகள் சைக்கிளின் 12 அங்குல டியூபைத் தரமான 18 மி.மீ. பிளைவுட்டின் மேல் வைத்து, அதன்மேல் 45-க்கு 40 சென்டிமீட்டரில் 4 சென்டிமீட்டர் கனமுள்ள கடப்பைக் கல்லை வைத்தேன். கல் 19 கிலோவை ஒட்டி இருக்கும். காற்றைக் கல் கீழே தட்டாத அளவுக்கு மட்டும் அடிக்க வேண்டும். நிறைய அடித்தால் டியூப் விறைத்துப் பயன் போய்விடும். மேடை ஏறத்தாழ 3 ஹெர்ட்ஸில் மிதக்கிறது, 24 ஹெர்ட்ஸ் உறுமல் காதுக்கு எட்டவில்லை. வாரம் ஒருமுறை ரசமட்டத்தை வைத்துப் பார்த்துக் காற்றைச் சரிசெய்கிறேன். என்னுடையது ஸ்பிரிங் இல்லாத, கனமான நேரடி இயக்க டர்ன்டேபிள். தேயிலைமேடு ஐயா இதைச் செய்துபார்க்கக் கூடாது. ஸ்பிரிங்கின் மேல் ஸ்பிரிங் வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று ஆட்டிக்கொண்டே இருக்கும்.

பலகைத் தளத்துக்கு இன்னொரு வழியும் உண்டு. அடியில் இரண்டடி இடம் இருக்கிறதென்றால், ரேக் நிற்கும் இடத்துக்கு நேர் கீழே உத்தரங்களுக்குக் குறுக்கே ஒரு கட்டையைக் கொடுத்து, செங்கல் தூண் எழுப்பி முட்டுக் கொடுத்துவிடலாம். நீளம் பாதியானால் உத்தரத்தின் அதிர்வெண் நான்கு மடங்காகும். வீட்டுக்காரர் இசைய வேண்டும்.

தேயிலைமேடு (குன்னூர்)

இருவருக்கும் நன்றி. அளந்தேன். ரேக்கின் மேல் வைத்தபோது முனை 9 ஹெர்ட்ஸில் நின்றது. ரேக்கை நகர்த்திவிட்டு அதே பலகையின் மேல் கைபேசியை வைத்தால் 11. ஆர்மின் செயல்நிறை 12 கிராம், கார்ட்ரிட்ஜ் 6.5, திருகுகள் அரை கிராம், கம்ப்ளையன்ஸ் 18. கணக்குப் போட்டால் 8.6 வருகிறது. ரேக் வந்த பிறகு ஏன் மோசமானது என்பது இப்போதுதான் விளங்கியது. 11-இல் ஆடிக்கொண்டிருந்த தளத்தை நான் பணம் கொடுத்து 9-க்கு இறக்கி, ஆர்மின் வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன்.

சுவர்ப் பலகைக்குத் துளையிட வீட்டுக்காரர் தயங்குகிறார். பழைய சுண்ணாம்புக் காரை உதிர்ந்துவிடும் என்கிறார். முட்டுக் கொடுப்பதைப் பற்றி இன்னும் கேட்கவில்லை.

மறுமொழி 3: இசைத்தட்டு நேயன் (கோயம்புத்தூர்)

ரேக்கின் கூர்முனைகளுக்கு அடியில் பித்தளை வட்டுகளை வைத்துப் பாருங்கள். என் வீட்டில் தாழ்சுரம் நன்றாகத் தெளிந்தது.

ஓசைக்கூடம் (உதகை)

கோயம்புத்தூர் நண்பரின் வீட்டில் தரை மண்ணோடு ஒட்டியது. அங்கே கூர்முனை ரேக்கை உறுதியாக நிறுத்தும், ஆட்டம் நீங்கும். கூர்முனையின் வேலை இணைப்பதே தவிரப் பிரிப்பதன்று. தரை நிற்கும்போது அது நன்மை. தரை ஆடும்போது அந்த ஆட்டத்தை ஒரு துளியும் சிந்தாமல் மேலே கொண்டுவந்து சேர்க்கும். வட்டுகள் பலகையைக் கீறலிலிருந்து காக்கும், 9 ஹெர்ட்ஸை ஒன்றும் செய்யாது.

வீட்டுக்காரரின் அச்சம் நியாயமானதே. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய கல் சுவரில் விரியும் போல்ட்டை இறுக்கினால் சாந்து பிளந்துவிடும். துளையைச் சந்தில் போடாமல் கல்லிலேயே போட்டு, பசை ஊற்றிப் பதிக்கும் ஆங்கரைப் பயன்படுத்தினால் சுவருக்குத் தீங்கு வராது. இதை அவரிடம் சொல்லிப் பாருங்கள். அதுவரை, ஆம்பிளிஃபையரில், காதுக்கு எட்டாத தாழ்ந்த அதிர்வுகளை வெட்டும் சப்சோனிக் ஃபில்டர் இருந்தால் போட்டுவையுங்கள். அது முள்ளைக் காக்காது, ஊஃபரைக் காக்கும்.

மறுமொழி 4: வட்டக்கானல் (கொடைக்கானல்)

இந்த இழையை இரண்டு நாட்களாகப் படித்துவருகிறேன். கேள்வியின் முதல் பத்தியிலேயே விடை இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தக் கணப்பு!

எங்கள் ஊரிலும் உங்கள் ஊரிலும் இந்தப் பழைய பங்களாக்களைக் கட்டியவர்கள், மண்ணின் ஈரம் ஏறாமலிருக்கப் பலகைத் தளத்தை உயர்த்திக் காற்றோட்டம் விட்டார்கள். ஆனால் நெருப்பு எரியும் இடத்தை மரத்தின் மேல் நிறுத்த முடியாது. கணப்பும் புகைபோக்கியும் டன் கணக்கில் எடையுள்ளவை. அவற்றுக்கு மண்ணிலிருந்தே அடித்தளம் எழுப்புவார்கள். கணப்புக்கு முன்னால் தணல் தெறித்து விழும் இடத்தில் பதித்த கல்லுக்கும் பெரும்பாலும் அடியில் தனிக் கட்டு இருக்கும். பலகைகள் அந்தக் கல்லின் ஓரத்தோடு நின்றுவிடும். அப்படியானால் உங்கள் கூடத்திலேயே, பலகைத் தளத்தோடு தொடர்பில்லாத, மண்ணில் ஊன்றிய ஒரு கல் மேடை காத்துக்கொண்டிருக்கிறது. என் வீட்டில் நான் அதன் மேல்தான் ஒன்பது ஆண்டுகளாக டர்ன்டேபிளை வைத்திருக்கிறேன்.

ஆனால் நகர்த்துவதற்கு முன் பாருங்கள். சில வீடுகளில் பின்னாளில் பழுதுபார்த்தபோது கல்லை எடுத்துவிட்டுப் பலகையின் மேலேயே ஓடு பதித்திருப்பார்கள். வெளிச்சுவரின் அடியில் உள்ள காற்றுத்துளை வழியாக டார்ச் அடித்தால் தெரிந்துவிடும்.

இரண்டு செய்திகளை மட்டும் மறந்துவிடாதீர்கள். புகைபோக்கியை மூட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் உங்கள் பக்கம் அதன் வழியே சாரலும் ஈரக்காற்றும் இறங்கும். ஸ்பிரிங்குகள் துருப்பிடிக்கும், இசைத்தட்டு உறைகளில் பூஞ்சை படியும். முழுவதும் அடைக்காமல் கொஞ்சம் காற்றுப் போக வழி விடுங்கள், இல்லையென்றால் உள்சுவர் வியர்க்கும். அடுத்தது குளிர். மார்கழி, தை மாதக் காலையில் கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் சிறிய ரப்பர் விறைத்து, கம்ப்ளையன்ஸ் குறைந்து, உச்ச சுரங்களில் கரகரப்பு வரும். அறை 20 டிகிரியை எட்டும் வரை நான் முள்ளை இறக்குவதில்லை. அதிர்வைத் தாங்குவதற்காக விற்கப்படும் மென்மையான பாலிமர் மெத்தைகளும் குளிரில் இப்படியே விறைக்கும் என்பதால், சமவெளியில் அவற்றுக்குச் சொல்லப்படும் எண்கள் நம் மலைக்கு அப்படியே பொருந்தா.

தேயிலைமேடு (குன்னூர்)

வட்டக்கானல் அன்பருக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, வெளியே ஹைட்ரேஞ்சியா புதருக்குப் பின்னால் உள்ள காற்றுத்துளையின் வலையைக் கழற்றி, தரையில் குப்புறப் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். முதலில் தெரிந்தவை உத்தரங்களும் ஒட்டடையும் உடைந்த பீங்கான் குழாய் ஒன்றும்தான். கண் பழகிய பிறகு, கணப்பு இருக்கும் திசையில் மண்ணிலிருந்து எழும் கருங்கல் கட்டு தெரிந்தது. அதன் முன்முகம் சுவரிலிருந்து இரண்டடி வெளியே வந்து நிற்கிறது. உத்தரங்களின் முனைகள் அதற்கு நான்கு விரற்கடை முன்னதாகவே ஒரு குறுக்குக் கட்டையில் முடிகின்றன. எதுவும் எதன் மேலும் தொடவில்லை. உள்ளே வந்து கல்லைச் சுற்றியிருந்த மரப்பட்டையை விரலால் தட்டியபோதும் கல்லின் ஒலியும் பலகையின் ஒலியும் வேறு வேறாகவே இருந்தன.

மருமகனும் நானுமாக ரேக்கைப் பிரித்து அங்கே கொண்டுபோய் மறுபடி பூட்டினோம். ஆழம் போதாததால் பின்கால்கள் கணப்பின் வாய்க்குள் ஒரு சாண் போகின்றன. அது கண்ணுக்கு உறுத்தவில்லை. புகைபோக்கியின் கழுத்தில் பிளைவுட் மூடியை வைத்து, ஓரத்தில் இரண்டு அங்குலம் இடைவெளி விட்டு வலை அடித்திருக்கிறேன். கல்லின் முன்பக்கம் சற்றுச் சரிந்திருந்தது. முன்னிரு கூர்முனைகளையும் மூன்று சுற்று உயர்த்திய பிறகு ரசமட்டத்தின் குமிழி நடுவில் நின்றது.

அதே டம்ளரை அதே பலகையில் வைத்தோம். மகள் சமையலறையிலிருந்து வேகமாக நடந்து வந்தாள்; நீர் அசையவில்லை. கூடத்தின் நடுவில் குதித்தாள், அப்போதும் அசையவில்லை. கைபேசியில் 9 ஹெர்ட்ஸ் முனை இருந்த இடத்தில் இப்போது மேடு என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. வாசல் கதவை அறைந்து சாத்தினால் மட்டும் சுவர் வழியாக ஒரு மெல்லிய துடிப்பு வருகிறது. கதவுக்கு ஒரு கம்பளித் துண்டை ஒட்டிவிட்டேன். கல் தரையில் நின்ற பிறகு அந்தக் கனமான ரேக்கும் தன் வேலையைச் செய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

மாலையில் தந்தையாரின் நாகசுரத் தட்டுகளில் ஒன்றைப் போட்டோம். தவிலின் தொப்பிப் பக்கத்து அடி ஒவ்வொன்றும் தனித்தனியாக விழுந்தது. முன்பு அந்த இடங்களில் ஒரு மூட்டமான உருளல்தான் கேட்கும். அதைப் பதிவின் பழமை என்று நினைத்திருந்தேன்.

ஸ்பீக்கர்கள் இரண்டும் இன்னும் பலகைத் தளத்தின் மேல் கூர்முனைகளில்தான் நிற்கின்றன. டர்ன்டேபிள் தளத்தை விட்டு விலகிவிட்ட நிலையில் அவற்றை அப்படியே விட்டுவிடலாமா, அல்லது பலகைகள் கூடவே முழங்காமலிருக்க இப்போது அங்கே மென்மையான பாதங்களை வைப்பதா என்று ஓசைக்கூடம் அவர்கள் சொன்னால் நல்லது.

ஓசைக்கூடம் (உதகை)

மிகுந்த மகிழ்ச்சி ஐயா. ஸ்பீக்கர்களுக்கு இப்போது மென்மையான பாதங்களை வைக்கலாம். கூர்முனை வழியாகப் பலகைகளுக்கு இறங்கும் தாழ்சுரத்தைத் தளமே ஒரு பெரிய தோல்போல முழக்கிக்கொண்டிருக்கும். பெட்டியின் எடையை நிறுத்துப் பார்த்து, அந்த எடைக்கு 4 மி.மீ. அளவில் அமிழும் ரப்பரைத் தேர்ந்தெடுங்கள். 8 ஹெர்ட்ஸை ஒட்டி நிற்கும், 20-க்கு மேல் நன்றாகத் தடுக்கும். பெட்டி உயரமானதென்றால் நான்கு மூலைகளிலும் வெளி ஓரத்தை ஒட்டியே வையுங்கள், சாயாமல் இருக்கும்.